பிம் மாடலோடு சில வருடங்கள்: திருவொற்றியூரிலிருந்து ஒரு பராமரிப்பு அனுபவம்

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய ஆறு மாடி அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு எங்கள் பொறுப்பு. கட்டியவர்கள் சாவியோடு பிம் (BIM) மாடலையும் ஒப்படைத்தார்கள். கட்டடத்தின் பாகங்களை அவற்றின் விவரங்களோடு கணினியில் காட்டும் முப்பரிமாண மாதிரி அது. படிக்கட்டுக் கைப்பிடி வரை வரைந்திருந்தார்கள். ஆனால் சம்ப் பம்பைத் தொட்டால் ‘பம்ப் 2’ என்று மட்டும்தான் வரும். எந்த கம்பெனி, எத்தனை எச்பி, வாரண்டி எதுவரை, ஒன்றும் கிடையாது. கேட்டதற்கு, “ஒப்பந்தத்தில் அதெல்லாம் இல்லையே” என்றார்கள்.

அப்புறம் மாடலில் என்னென்ன தகவல் இருக்க வேண்டும் என்று நாங்களே எழுத உட்கார்ந்தோம். பிம் தகவல்களைக் கையாள்வதற்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 19650. கட்டடம் பயன்பாட்டில் இருக்கும் காலத்துக்கென்றே அதன் மூன்றாம் பகுதி 2020-இல் வந்திருக்கிறது. நிறுவனம் எடுக்க வேண்டிய முடிவுகள் என்ன, அதற்குப் பம்ப், ஏசி போன்ற ஒவ்வொரு சொத்தைப் பற்றியும் என்ன தெரிய வேண்டும் என்று மேலிருந்து கீழே வரச் சொல்கிறது. நாங்கள் கூடவே கீழிருந்தும் கேட்டோம். “ராத்திரி பம்ப் நின்றால் முதலில் எதைத் தேடுவீங்க?” பிளம்பர் யோசிக்கவே இல்லை: மெக்கானிக்கல் சீல் (பம்பின் தண்டு வழியே தண்ணீர் கசியாமல் தடுப்பது) அளவு, பிரேக்கர் எந்த பேனலில், அடைக்கும் வால்வு எங்கே. மூன்றும் கட்டாயத் தகவல்களாயின. கட்டடத் தகவல்களை ஒப்படைப்பதற்கான கோபி (COBie) என்ற பொதுப் படிவத்தில் இருக்கும் தயாரிப்பாளர், மாடல் எண், சீரியல் எண், வாரண்டி ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டோம்.

உப்புக்காற்று எங்களுக்குத் தனிக் கவலை. ஏசி அவுட்டோர் யூனிட்டின் தகடுகள் சீக்கிரம் அரித்துவிடும். அதனால் பூச்சு என்ன, கடைசியாகக் கழுவியது எப்போது என்று இரண்டு தகவல்கள். வேறு ஊர்ப் பட்டியலைக் காப்பியடித்திருந்தால் இவை விட்டுப்போயிருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வருமுன், தரைமட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கும் மின்சாதனங்களை மட்டும் மாடலில் தேடி எடுத்தோம். பட்டியல் உடனே வந்தது. எதை அணைப்பது, எதைத் தூக்கி வைப்பது என்று மழைக்கு முன்பே முடிவாகிவிட்டது. உயரம் ஒரு தகவலாக இருந்ததால்தான் அது முடிந்தது.

குறை? முப்பரிமாணப் படம் போனில் திணறுகிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வால்வு தேடும்போது தவிர அதை யாரும் திறப்பதில்லை. பெரிய சிக்கல் புதுப்பிப்பதுதான். மோட்டார் மாற்றினால் மாடலிலும் மாற வேண்டும், இல்லாவிட்டால் பழைய சீரியல் எண்ணை வைத்து வாரண்டி கேட்டு அலைய வேண்டும். இப்போது புது சீரியல் எண்ணும் போட்டோவும் ஏறாமல் வேலைச்சீட்டை மூட முடியாதபடி வைத்திருக்கிறோம். ஏஎம்சி எனும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தங்களிலும் அதே நிபந்தனை உண்டு.

புதுக் கட்டடம் கட்டுகிறவர்கள் டெண்டர் போடும் முன்பே உங்கள் எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். அவர்கள் சொல்வது ஒப்பந்தத்தில் ஏறட்டும். ஒப்படைத்த பிறகு ஒவ்வொரு சாதனத்திலும் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் படித்து ஏற்றுவது பெரிய வேலை.