வண்ணார்பேட்டை பைபாஸ் காற்றுக் கடை: கைவேலை நம்பலாம், போர்டை நம்ப வேண்டாம்

சூடான டயருக்கு இங்கே உடனே காற்று வைப்பதில்லை. ஆறவிட்டுத்தான் மீட்டரை மாட்டுகிறார்கள். அதற்கே இந்தக் கடைக்குப் போகலாம். 25 டிகிரியில் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்த டயர், உள்காற்று 45 டிகிரி ஆனதும் 35 காட்டும். வெப்பத்தில் காற்று விரியப் பார்க்கும், டயர் இடம் தராது, அழுத்தம் ஏறும். கூடிவிட்டதென்று அப்போது 32க்கு இறக்கினால் மறுநாள் காலை 29தான் நிற்கும். டயர் இரண்டு ஓரமும் தேயும். காற்று வைத்தபின் வால்வில் சோப்புத் தண்ணீர் தொட்டுக் குமிழி பார்க்கிறார்கள், அருமை.

‘நைட்ரஜன் சூட்டில் விரியாது’ என்ற போர்டு மட்டும் தவறு. அதுவும் காற்றளவுதான் விரியும். ஈரமிருக்காது, கசிவு சற்றுக் குறையும், அவ்வளவே. வால்வு மூடியை மறக்காமல் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.