மின்-மருந்துச் சீட்டு: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் மருத்துவமனையில் மருத்துவப் பதிவு மென்பொருள் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கையெழுத்து புரியவில்லை என்று பார்மசியிலிருந்து வரும் போன் அநேகமாக நின்றேபோனது. அதற்குப் பதில் வேறு வகைப் போன் வர ஆரம்பித்தது. "மேலே ஏழு நாள்னு இருக்கு டாக்டர், கீழே குறிப்புல மூணு நாளோட நிறுத்தணும்னு இருக்கு. எதை எடுத்துக்கிறது?"

சிக்கல் பெரும்பாலும் அந்தக் குறிப்புக் கட்டத்தில்தான். மருந்தின் பெயர், வலிமை, டோஸ், எந்த வழியாக, எத்தனை வேளை, எத்தனை நாள், மொத்த எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. மென்பொருள் சரிபார்ப்பது இவற்றை மட்டும்தான். குறிப்புக் கட்டத்தில் என்ன எழுதினாலும் அது கேள்வி கேட்காமல் அனுப்பிவிடும். அதனால் டோஸ், வேளை, நாள் இந்த மூன்றும் அங்கே எழுதக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "சாப்பிட்ட பிறகு" போன்றவற்றுக்கு மட்டுமே அந்த இடம்.

இதில் கஷ்டமானது ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்பது. பிரெட்னிசோலோன் 20 மி.கி. ஐந்து நாள், பிறகு 10 மி.கி. ஐந்து நாள், பிறகு 5 மி.கி. ஐந்து நாள் என்று கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். முதல் வரியைப் போட்டுவிட்டு "பிறகு குறைக்கவும்" என்று குறிப்பில் எழுதுவது சுலபம். ஆனால் மொத்த எண்ணிக்கை முதல் ஐந்து நாளுக்குத்தான் கணக்காகும், மாத்திரையும் அவ்வளவுதான் கிடைக்கும். நான் மூன்று வரிகளாக, ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் தேதியோடு போடுகிறேன். நேரம் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் எண்கள். எங்களுக்குக் கிடைத்த மருந்துப் பட்டியலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் 5 மி.கி. என்பது "5.0" என்று ஏற்றப்பட்டிருந்தது. மங்கலான பிரிண்டில் புள்ளி விழாமல் போனால் அது 50. இதற்கு நேர்மாறாக, அரை மில்லிகிராமை ".5" என்று எழுதினால் 5 ஆகிவிடும், 0.5 என்றே இருக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட, பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இந்த இரண்டும் உண்டு. யூனிட் என்பதற்கு ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் போடுவதும் அதில் இருக்கிறது. இன்சுலினில் அந்த எழுத்தைச் சைபராக வாசித்தால் டோஸ் பத்து மடங்கு. மென்பொருள் வாங்குபவர்கள் முதல் நாளே மருந்துப் பட்டியலைத் திறந்து இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள்.

குழந்தைகளுக்கான சிரப்பில் மி.லி. மட்டும் போட்டால் போதாது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் 150 மி.கி. வேண்டும். 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள பாட்டிலில் அது 6.25 மி.லி.; 250 மி.கி. உள்ள பாட்டிலில் 3 மி.லி. முதல் பாட்டிலை நினைத்து எழுதிய அளவை இரண்டாவதிலிருந்து ஊற்றினால் குழந்தைக்குள் போவது 312.5 மி.கி. அதனால் மி.கி., மி.லி., பாட்டிலின் செறிவு மூன்றும் ஒரே வரியில் தெரிய வேண்டும். எங்கள் டெம்ப்ளேட்டில் முதலில் செறிவு தானாக வராமல் இருந்தது. அதைச் சேர்க்கச் சொல்லிப் பலமுறை கேட்டு, கடைசியில் வாங்கினோம்.

மெத்தோட்ரெக்ஸேட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மூட்டுவாதத்துக்கு இது வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கும் மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். டிராப்டவுனில் "தினமும்" முதலில் நின்றால் அவசரத்தில் அதுவே பதிவாகிவிடும். இந்த மருந்துக்கு மட்டும் இயல்புநிலையையே "வாரம் ஒரு முறை" என்று மாற்றி, கிழமையையும் கேட்கும்படி வைத்தோம். "திங்கட்கிழமை மட்டும்" என்று சீட்டில் வந்துவிட்டால் நோயாளியின் வீட்டில் யார் வாசித்தாலும் குழப்பமில்லை. இத்தனை வருடத்தில் எனக்கு அதிக நிம்மதி கொடுத்த மாற்றம் இதுதான்.

பிரிவியூவைத் தவறாமல் பாருங்கள். திரையில் ஒழுங்காக இருக்கும் "லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம்" பிரிண்டில் மடங்கி, 50 மேலேயும் அலகு அடுத்த வரியிலும் விழும். எண்ணும் அலகும் பிரியாத இடைவெளியால் (அந்த இடத்தில் வரி மடங்க விடாத இடைவெளி) ஒட்டியிருக்க வேண்டும்.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. மருந்தை நிறுத்தி நம் பட்டியலிலிருந்து நீக்கினாலும், ஏற்கெனவே அனுப்பிய சீட்டு பார்மசியில் அப்படியே இருக்கும். ரத்துச் செய்தி தனியாகப் போனால்தான் அவர்களுக்குத் தெரியும். எங்கள் மென்பொருளில் அந்த வசதி இல்லாததால், நிறுத்தும் ஒவ்வொரு மருந்துக்கும் இன்றும் போன் செய்துதான் சொல்கிறோம்.