ஸ்டீம் டெக்கில் கம்பியில்லா ஹெட்செட்: புளூடூத்தா, டாங்கிளா?

வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ஸ்டீம் டெக், பார்வைக்கு விளையாட்டுக் கருவியாக இருந்தாலும், ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ்ஸில் இயங்கும் முழுமையான கையடக்கக் கணினி. அதனுடன் கம்பியில்லா ஹெட்செட்டை இணைக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. கருவிக்குள்ளேயே இருக்கும் புளூடூத்தைப் பயன்படுத்துவது ஒன்று. ஹெட்செட்டோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளை (ஹெட்செட்டோடு கம்பியின்றிப் பேசும் சிறு யூஎஸ்பி துண்டு) கருவியின் மேல்விளிம்பிலுள்ள யூஎஸ்பி-சி போர்ட்டில் செருகுவது மற்றொன்று. கடைகளில் இரண்டு வகைகளும் 'வயர்லெஸ்' என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதால், வேறுபாடு தெரியாமல் வாங்கிவிட்டுப் பின்னர் மைக் வேலை செய்யவில்லை, ஒலி பிந்தி வருகிறது என்று அவதிப்படுவோர் பலர். எது நல்லது என்பதற்கான விடை, வாங்குபவர் விளையாடும்போது நண்பர்களோடு பேசுவாரா, கேட்க மட்டும் செய்வாரா என்பதைப் பொறுத்தே மாறும் என்பது என் கருத்து. ஒலித்தரம், பேட்டரி, விலை ஆகியவற்றை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புளூடூத்தில் இணைப்பது எளிது. ஸ்டீம் பொத்தானை அழுத்தி, அமைப்புகளில் புளூடூத் பகுதிக்குச் சென்று, ஹெட்செட்டைப் பேரிங் நிலையில் (புதிய கருவியோடு இணையக் காத்திருக்கும் நிலை) வைத்தால், பட்டியலில் அதன் பெயர் தோன்றும். தோன்றாவிட்டால் எல்லாச் சாதனங்களையும் காட்டும் தெரிவை இயக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சிக்கல்கள் கணினியால் வருவதில்லை. ஹெட்செட் ஏற்கெனவே கைபேசியோடு இணைந்து நிற்பதால்தான் வருகின்றன. பழக்கமான கைபேசி அருகில் இருந்தால் பல ஹெட்செட்டுகள் ஆன் செய்ததும் அதனிடமே போய்ச் சேர்ந்துவிடும். எனவே முதல்முறை இணைக்கும்போது கைபேசியின் புளூடூத்தை அணைத்து வைப்பது நல்லது. இணைந்த பிறகும் ஒலி கருவியின் ஸ்பீக்கரிலேயே வந்தால், மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தித் திறக்கும் விரைவு அமைப்புகளில் ஒலி வெளியீட்டுச் சாதனத்தை மாற்றிக்கொள்ளலாம்.

கேட்பதற்கு மட்டும் என்றால் இத்துடன் வேலை முடிந்தது. மைக் தேவைப்படும்போதுதான் புளூடூத்தின் பழைய வடிவமைப்பு குறுக்கே நிற்கிறது. வழக்கமான புளூடூத்தில் இசை கேட்பதற்கு ஏ2டிபி என்ற புரொஃபைலும் (இணைப்பு முறை), தொலைபேசிப் பேச்சுக்கு எச்எஃப்பி என்ற வேறொரு புரொஃபைலும் உள்ளன. ஏ2டிபி, ஸ்டீரியோ ஒலியை ஒரு திசையில் மட்டும், கணினியிலிருந்து காதுக்கு, அனுப்புகிறது. மைக் ஒலி திரும்பி வர அதில் இடம் ஒதுக்கப்படவில்லை. எச்எஃப்பி இரு திசையிலும் ஒலியைக் கடத்தும்; ஆனால் அதன் பாதை நொடிக்கு ஏறத்தாழ 64 கிலோபிட் அளவே கொண்டது; ஒலியும் மோனோ. ஒலியைச் சுருக்கும் பழைய சிவிஎஸ்டி முறையில் ஒலியை மாதிரி எடுக்கும் வேகம் 8 கிலோஹெர்ட்ஸ். பின்னர் வந்த எம்எஸ்பிசி முறையில் 16 கிலோஹெர்ட்ஸ். இசைக்கான புரொஃபைலில் இதே எண் 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் என்பதை நினைத்தால், மைக்கை இயக்கிய மறுகணமே விளையாட்டின் ஒலி முழுவதும் பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் சுருங்கிவிடுவதன் காரணம் புரியும். எதிரியின் காலடி இடப்புறம் கேட்கிறதா வலப்புறம் கேட்கிறதா என்பதும் மோனோவில் தெரியாது. எவ்வளவு விலை உயர்ந்த ஹெட்செட்டாக இருந்தாலும் இந்தக் கட்டுப்பாடு பொருந்தும் என்பதைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை. நொடிக்கு 990 கிலோபிட் வரை செல்லும் எல்டாக் கோடெக்கை (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பெருமையாக அச்சிட்டிருக்கும் பெட்டிக்குள் இருப்பதும் மைக்கைத் தொட்டதும் அந்தக் குறுகிய பாதைக்குத்தான் இறங்கும்.

ஸ்டீம் டெக்கில் இதற்கு மேல் இன்னொரு தடையும் இருந்தது. புளூடூத் ஹெட்செட்டின் மைக்கை ஸ்டீம்ஓஎஸ் நெடுங்காலம் விளையாட்டுக்கான இயல்பு முகப்பான கேம் மோடில் வழங்கவில்லை. ஹெட்செட் இணைந்திருந்தாலும் மைக் பட்டியலில் அதன் பெயர் இருக்காது. பிந்தைய பதிப்புகளில், சாதாரணக் கணினித் திரையைத் தரும் டெஸ்க்டாப் மோடுக்கு மாறி, அதன் முகப்பான கேடிஇ பிளாஸ்மாவின் ஒலி அமைப்புகளில் புரொஃபைலைக் கையால் மாற்றி மைக்கைப் பெற முடிகிறது. அப்படிப் பெற்றாலும் மேலே சொன்ன தரக்குறைவு அப்படியேதான் இருக்கும் என்பதால், இதற்காக மெனக்கெடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிட நல்ல வழி கருவியிலேயே இருக்கிறது. ஸ்டீம் டெக்கின் முகப்பில் இரண்டு மைக்குகள் பொருத்தப்பட்டுள்ளன. ஒலி வெளியீட்டைப் புளூடூத் ஹெட்செட்டிலும், ஒலி உள்ளீட்டைக் கருவியின் சொந்த மைக்கிலும் வைத்துவிட்டால், ஹெட்செட் ஏ2டிபியிலேயே தொடரும். ஸ்டீரியோ குலையாது, நண்பர்களுக்கும் குரல் போய்ச் சேரும். டிஸ்கார்டு போன்ற குரல் அரட்டைச் செயலிகளில் உள்ளீட்டுச் சாதனத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பதால், அங்கும் கருவியின் மைக்கே தேர்வாகியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும். விசிறியின் இரைச்சலும் பொத்தான்களின் டக்டக் ஒலியும் மைக்கில் ஓரளவு விழும் என்பது உண்மை. ஆனால் வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் நண்பர்களோடு பேசி விளையாடுபவருக்கு, புதிதாக ஒரு ஹெட்செட் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

மைக்குக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது தாமதம். எஸ்பிசி கோடெக்கில் இயங்கும் சாதாரணப் புளூடூத் ஹெட்செட்டில் ஒலி 150 முதல் 250 மில்லிநொடி வரை பிந்தி வருவது வழக்கம். திரைப்படம் பார்க்கும்போது இந்தக் குறை தெரிவதில்லை. ஏனெனில் ஒலி எவ்வளவு பிந்துகிறது என்பதைக் கணக்கிட்டு, வீடியோ பிளேயர் படத்தையும் அதே அளவு நிறுத்திக் காட்டிவிடுகிறது. விளையாட்டில் அந்த உபாயம் செல்லாது. விளையாடுபவர் பொத்தானை எப்போது அழுத்துவார் என்பது முன்கூட்டித் தெரியாது. படத்தைத் தாமதப்படுத்தினால் விளையாட்டே மந்தமாகிவிடும். நொடிக்கு 60 ஃபிரேம் (படச்சட்டம்) ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி; ஆக 200 மில்லிநொடித் தாமதம் என்பது 12 ஃபிரேம் கடந்த பிறகு வெடிச்சத்தம் கேட்பது. முறைவைத்து ஆடும் உத்தி விளையாட்டுகளிலும் கதை விளையாட்டுகளிலும் இது பெரிதாக உறுத்தாது. தாளத்துக்கேற்பப் பொத்தானை அழுத்தும் விளையாட்டுகளிலும், போட்டித் துப்பாக்கிச் சண்டைகளிலும் இது பொறுக்க முடியாத குறை. டாங்கிள் வகை ஹெட்செட்டுகளில் தாமதம் பொதுவாக இதில் ஒரு சிறு பங்குதான். பெரும்பாலானோர் காதுக்கு அது தெரியவே தெரியாது.

இணைப்பு அறுந்து அறுந்து வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். புளூடூத், டாங்கிள், பழைய வைஃபை மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே பகிர்ந்துகொள்கின்றன. வழக்கமான புளூடூத் அந்த அலைவரிசையை 79 சேனல்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை சேனல் மாறி நெரிசலைத் தவிர்க்க முயல்கிறது. ஆனால் அதே கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒரு பெரிய விளையாட்டைத் தரவிறக்கிக்கொண்டிருந்தால் அந்த முயற்சிக்கும் ஓர் எல்லை உண்டு. ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருப்பின் கருவியை அதற்கு மாற்றிவிடுவதே முதல் மருந்து. ஹெட்செட் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும். 2022இன் எல்சிடி மாடலில் புளூடூத் 5.0 இருந்தது, 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடலில் புளூடூத் 5.3 வந்ததோடு, புளூடூத்துக்கென்றே தனி ஆண்டெனாவும் சேர்க்கப்பட்டது. ஓஎல்இடி மாடல் வைத்திருப்பவர், எல்சிடி மாடலைப் பற்றிய பழைய குறைகளைப் படித்துவிட்டு அஞ்ச வேண்டியதில்லை.

இனி டாங்கிள். இதன் பெரிய பலம், கணினி அதை ஒரு சாதாரண யூஎஸ்பி ஒலிச் சாதனமாகவே பார்ப்பது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே யூஎஸ்பி ஒலிக்கான டிரைவர் இருப்பதால், எதையும் நிறுவத் தேவையில்லை. செருகியதும் ஸ்பீக்கர் பட்டியலிலும் மைக் பட்டியலிலும் ஹெட்செட்டின் பெயர் தோன்றும். ஸ்டீரியோ ஒலியும் மைக்கும் ஒரே நேரத்தில் குறைவின்றி இயங்கும். ஈக்வலைசர் போன்ற கூடுதல் வசதிகளுக்காக நிறுவனங்கள் தரும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே இருக்கும். ஆனாலும் ஒரு கணினியில் ஒருமுறை அமைத்து, அது ஹெட்செட்டின் நினைவகத்திலேயே பதியுமானால், டெக்கிலும் அதே அமைப்பு தொடரும்.

பலவீனம் அந்த ஒற்றைப் போர்ட். ஸ்டீம் டெக்கில் யூஎஸ்பி-சி போர்ட் ஒன்றுதான். டாங்கிள் அதில் இருக்கும் வரை சார்ஜ் செய்ய முடியாது. எல்சிடி மாடலின் 40 வாட்-மணி பேட்டரி, கனமான விளையாட்டுகளில் இரண்டு மணி நேரத்திற்குள் தீர்ந்துவிடக்கூடியது என்பதால், இது சிறிய குறையன்று. சார்ஜரையும் டாங்கிளையும் சேர்த்துச் செருக உதவும் யூஎஸ்பி ஹப் வாங்கலாம். மேசையில் வைத்து விளையாடுபவருக்கு அது பொருந்தும், படுத்துக்கொண்டோ ரயிலிலோ விளையாடுபவருக்கு அது ஒரு சுமை. ஹப் வாங்குபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: யூஎஸ்பி 3.0 தரவுப் பரிமாற்றம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை எழுப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் விளக்கியிருக்கிறது. ஆகவே ஹப்பில் வெளி எஸ்எஸ்டியும் டாங்கிளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒலி விட்டுவிட்டு வரலாம். ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளால் டாங்கிளைத் தள்ளி வைத்தால் போதும்.

டாங்கிள் எந்த வடிவத்தில் வருகிறது என்பதும் பெட்டியில் பார்க்க வேண்டியது. நேரடியாக யூஎஸ்பி-சி முனையோடு வருவது டெக்கில் அழகாகப் பொருந்தும்; பெரிய யூஎஸ்பி-ஏ முனையோடு வருவதற்கு அடாப்டர் தேவை, அது கருவியின் மேல் கொம்புபோல் நீண்டு நிற்கும்; பையில் வைக்கும்போது கழற்றாவிட்டால் போர்ட்டுக்கே ஆபத்து. எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் முறையில் மட்டும் இயங்கும் ஹெட்செட்டுகளில் டாங்கிளே இருக்காது. அவை எக்ஸ்பாக்ஸோடு நேரடியாகப் பேசும் தனி வகை, டெக்குக்கு ஆகாது. கணினி, பிளேஸ்டேஷன் என்று குறிக்கப்பட்ட, டாங்கிளோடு வரும் மாடல்களைத் தேடுவதே பாதுகாப்பு. சோனியின் இன்சோன் பட்ஸ் போன்ற இயர்பட்ஸ், டாங்கிளையும், எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் ஒலி முறையையும் மட்டுமே ஆதரிக்கின்றன; வழக்கமான புளூடூத்தை அவை அறவே ஆதரிப்பதில்லை. டாங்கிள் தொலைந்தால் பழைய கைபேசியோடு கூட அவற்றை இணைக்க முடியாது.

விண்டோஸ் 11இல் இயங்கும் அசுஸ் ரோக் ஆலி, லெனோவோ லீஜியன் கோ ஆகிய கையடக்கக் கணினிகளில் நிலைமை சற்று மாறுபடும். அங்கே புளூடூத் மைக் தொடக்கத்திலிருந்தே இயங்கும். ஆனால் ஏதேனும் ஒரு செயலி மைக்கைத் திறந்த உடனே ஒலி மோனோவுக்கு இறங்கிவிடுவதால், காரணம் தெரியாதவர் ஹெட்செட்டைக் குறை கூறுவார். கருவியின் மைக்கைத் தேர்ந்தெடுக்கும் அதே தீர்வு இங்கும் செல்லும். லீஜியன் கோவில் மேலும் கீழும் இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டுகள் இருப்பதால், சார்ஜ் செய்துகொண்டே டாங்கிளைப் பயன்படுத்தலாம். 2024இல் வந்த ரோக் ஆலி எக்ஸிலும் இரண்டு போர்ட்டுகள் உள்ளன. டாங்கிள் ஹெட்செட் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு, கருவியைத் தேர்ந்தெடுப்பதிலேயே இது ஒரு காரணமாகலாம்.

இந்த இரு தரப்பு வழக்கையும் ஒருநாள் தீர்க்கக்கூடியது 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ. அதன் எல்சி3 கோடெக், குறைந்த பிட் அளவிலேயே நல்ல ஒலியைத் தருவதோடு, ஸ்டீரியோ ஒலியையும் மைக்கையும் ஒரே நேரத்தில் கொண்டுசெல்லக்கூடியது. விண்டோஸ் 11 அதை ஆதரிக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் கணினியின் புளூடூத் சிப், அதன் டிரைவர், ஹெட்செட் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆதரித்தால்தான் அது இயங்கும்; புளூடூத் 5.3 என்று எழுதியிருப்பது மட்டும் அதற்கு உறுதியாகாது. அதை நம்பி இன்று விலை கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

தனியாக, கதை விளையாட்டுகளே விளையாடுபவர் தம்மிடம் ஏற்கெனவே இருக்கும் புளூடூத் ஹெட்செட்டையே டெக்குடன் இணைத்துக்கொள்ளட்டும். எப்போதாவது பேச நேர்ந்தால் கருவியின் மைக் போதும். நாள்தோறும் குழுவாகப் பேசி விளையாடுபவரும் தாள விளையாட்டுப் பிரியரும், யூஎஸ்பி-சி டாங்கிளோடு வரும் ஹெட்செட்டுக்குச் செலவிடலாம். அதிலும் புளூடூத், டாங்கிள் இரண்டும் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால், பேட்டரி குறைந்து சார்ஜரைச் செருக வேண்டிய வேளையில் டாங்கிளைக் கழற்றிவிட்டுப் புளூடூத்துக்கு மாறிக்கொள்ள முடியும். பேட்டரி தீர்ந்த ஹெட்செட்டைக் கம்பியால் இணைக்க டெக்கின் மேல்விளிம்பில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இருக்கிறது. அந்தக் கம்பியைச் செருக இடமுள்ள ஹெட்செட்தானா என்பதையும் வாங்கும் முன் பெட்டியில் பார்த்துக்கொள்ளவும்.