கிளிநொச்சியில கொன்ராக்ட் வேலைக்கு ஆள் விடுற ஏஜென்சி: 5க்கு 4 ஸ்ரார்

பேர் போடேல்ல, ஏனெண்டால் கீழ ஒரு குறையும் எழுதப்போறன், பிறகும் அவையின்ர முகத்தில முழிக்கோணும். ரவுணுக்குள்ள இருக்கிற ஏஜென்சிதான். கட்டிட சைற், ரோட்டு வேலை, ஸ்ரோர், டேற்றா என்ட்ரி எண்டு ஆறு மாசம் ஒரு வருசக் கொன்ராக்ட்டுக்கு ஆள் எடுத்துக் கம்பனியளுக்கு விடுறவை. நான் அறிவியல் நகர் ஜேர்மன் ரெக் எண்ட தொழிற்பயிற்சி நிலையத்தில கொன்ஸ்ரக்சன் முடிச்சிட்டு சைற் சூப்பர்வைசர் வேலைக்கு இவையளிட்டப் பதிஞ்சனான், இப்பவும் இவையளாலதான் வேலை செய்யிறன்.

முதல் நல்லதைச் சொல்லுறன். பதியிறதுக்கு ஒரு சதமும் வாங்கேல்ல, கொமிஷன் கம்பனியிட்டத்தான் எடுக்கினம். கொன்ராக்ட் பேப்பர் இங்கிலிசிலதான் வரும், ஆனா அங்க இருக்கிற அக்கா ஒவ்வொரு பந்தியா தமிழில சொல்லி விளங்கப்படுத்திப்போட்டுத்தான் சைன் வைக்க விட்டவ. பதியேக்க "தம்பி வயல் செய்யிறனீங்களோ" எண்டு அவவாவே கேட்டவ. எனக்கு அதுதான் பெரிய விசயம்.

ஏனெண்டால் எங்களுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல். ஐப்பசியில விதைப்பு, தை மாசியில வெட்டு. சிறுபோகம் எண்டால் குளத்தில நிக்கிற தண்ணியைப் பாத்து, கூட்டம் வைச்சு, எத்தினை ஏக்கர் எண்டு முடிவெடுத்த பிறகுதான் எங்கட பங்கு தெரியும், அதுவரைக்கும் ஒண்டும் பிளான் பண்ணேலாது. கொம்பனியில பேர்மனன்றா இருந்தால் வருசத்துக்கு 14 நாள் லீவு, 7 நாள் கசுவல், அதிலயும் சேந்த முதல் வருசம் அந்த 14ம் இல்லை. வெட்டு மெசினுக்குக் காத்து நிண்டு, இடையில மழை பெஞ்சு, நெல்லைக் காயப்போட்டு அள்ளி முடிக்கிறதுக்கு இந்தக் கசுவல் லீவு எந்த மூலைக்கு? கொன்ராக்ட் எண்டால் தை மாசத்துக்கு முன்னம் முடியிற மாதிரிக் கதைச்சு எடுக்கலாம், இவை அப்பிடி எடுத்தும் தந்தவை. வெட்டு முடிய அடுத்த சைற். இடையில சும்மா இருக்கிறதும் நடக்கும், அதை மறைக்கேல்ல, ஆனா வயல் இருக்கிறவனுக்கு அது சும்மா இருக்கிற காலம் இல்லை.

எங்கட சனத்துக்கு வேலை எண்டால் அரசாங்க வேலை, பென்சன் இருக்கோ எண்டுதான் முதல் கேள்வி, கலியாணம் பேச வாறவையும் அதைத்தான் கேப்பினம். நியமனம் வரும் வரும் எண்டு டிகிரியையும் வைச்சுக்கொண்டு வருசக்கணக்கில வீட்டில இருக்கிற ஆக்களை எனக்குத் தெரியும். பென்சன் நல்லதுதான், நான் மறுக்கேல்ல. ஆனா அது கிடைக்கும்வரைக்கும் ஒரு வேலையும் பழகாமல் இருக்கிறது எனக்குச் சரிவராது. கொன்ராக்ட்டில ஒரு சைற்றில பாலம், அடுத்ததில மாடிக் கட்டிடம் எண்டு மாறி மாறிப் பாத்ததில நான் பழகின வேலையை ஒரே கந்தோரில இருந்திருந்தால் பழகியிருக்கமாட்டன், சீனியரின்ர மூஞ்சைப் பாத்து நடக்கிற தொல்லையும் குறைவு.

இனிக் காசுக் கதை, இதில கனபேர் ஏமாறுறவை. கொன்ராக்ட்டுக்கு மாசம் 70,000, அதே வேலை பேர்மனன்ற் எண்டால் 55,000 எண்டு வைப்பம். பாக்க 15,000 கூட. ஆனா பேர்மனன்ற்காரருக்கு முதலாளி ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், அதாவது 6,600, ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 1,650 போடுறார். 15 பேருக்குக் குறையாத இடத்தில அஞ்சு வருசம் முடிச்சால் வருசத்துக்கு அரை மாசச் சம்பளம் கிராஜுவிற்றி, அதாவது வேலையை விட்டுப் போகேக்க குடுக்கிற பணிக்கொடை, அதை மாசத்துக்குப் பிரிச்சால் 2,300 கிட்ட. எல்லாம் சேர 65,500க்குக் கிட்ட வரும். அப்ப உண்மையான வித்தியாசம் நாலாயிரத்து ஐந்நூறுதான், அதுவும் கொன்ராக்ட்டுக்கு ஈபிஎஃப் போடாட்டித்தான் இந்தக் கணக்கு, போட்டால் கொன்ராக்ட் நல்ல லாபம்.

அந்த ஒரு ஸ்ராரை வெட்டினது இதுக்குத்தான். ஒரு கம்பனிக்கு அனுப்பேக்க "சேவை வழங்குநர்" எண்டு, அதாவது ஊழியர் இல்லை, தனியா வேலை செய்யிற ஆள் எண்டு போட்டுப் பேப்பர் தந்தவை, கேட்டால் கொன்ராக்ட்காரருக்கு ஈபிஎஃப் இல்லையாம். அப்பிடி ஒரு சட்டமும் இல்லை. சொன்ன நேரத்துக்குப் போய், அவை சொல்லுற வேலையை, அவையின்ர ஆளா நிண்டு செய்தால் ரெம்பரரியோ கொன்ராக்டோ, முதல் நாளில இருந்து ஈபிஎஃப் இருக்கு, உங்கட 8 வீதம் வெட்டி அவையின்ர 12ஓட சேத்துக் கட்டோணும். நான் பிடிச்சு நிண்டதில கடிதத்தை மாத்தித் தந்தவை, ஆனா என்னோட வந்த மற்றப் பெடியள் கேக்கேல்ல, அவங்களுக்கு மாத்தவும் இல்லை. கேக்கிறவனுக்கு ஒரு நீதி, கேக்காதவனுக்கு ஒரு நீதி எண்டால் அது நல்ல ஏஜென்சிக்கு அழகில்லை. உண்மையாவே தனியா பில் போட்டு வேலை செய்யிற ஆள் எண்டால் கதை வேற, அதுக்கு ஈபிஎஃப் இல்லை, மாசம் ஒரு லட்சத்துக்கு மேல போனால் 5 வீதம் வரியும் பிடிப்பினம்.

லீசிங்கில மோட்டச்சைக்கிள் எடுக்க நினைக்கிறவைக்கு இது தலையிடி. கொன்ராக்ட் கடிதத்தைப் பாத்த உடன வங்கியில முகம் மாறும், அரசாங்க உத்தியோகத்தர் ரெண்டு பேரைப் பிணைக்குக் கொண்டாங்கோ எண்டுவினம். ஏஜென்சி ஒரு சம்பளக் கடிதம் தரும், அது கொஞ்சம்தான் உதவும்.

போறதெண்டால் ஐடி கொப்பி, என்விகியூ (தொழில் தகைமை) சேட்டிபிக்கற் ரெண்டையும் கொண்டு போங்கோ, திங்கக்கிழமை காலமை போகாதைங்கோ, சரியான சனம். ஒவ்வொரு கம்பனிக்கும் ஈபிஎஃப் மெம்பர் நம்பர் புதுசா வரும், பழைய நம்பருகளையும் சம்பளச் சீட்டையும் எறியாதைங்கோ. சைன் வைக்க முன்னம் ஈபிஎஃப் எண்ட சொல்லு பேப்பரில இருக்கோ எண்டு பாருங்கோ, இல்லாட்டி அந்த அக்காவிட்டயே கேளுங்கோ, அவ பொய் சொல்லமாட்டா.