ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி: இப்போது வாங்கலாமா, பொறுத்திருக்கலாமா?

கணினி விளையாட்டுகளின் காட்சிகளை உருவாக்கித் தருவது கிராபிக்ஸ் கார்டு. என்விடியா நிறுவனம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டின் 16 ஜிபி மெமரி கொண்ட வகையைச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கி, 1440பி (2560 x 1440 புள்ளிகள்) மானிட்டரில் பயன்படுத்தி வருகிறேன். நன்றாக இருக்கிறது. ஆனால் கணினியில் விளையாடும் நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம், இப்போதே வாங்கிவிடலாமா, அடுத்த தலைமுறை வரும்வரை பொறுத்திருக்கலாமா என்பதுதான்.

அதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் கையிலுள்ள பழைய கார்டு என்பது என் உறுதியான கருத்து. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதத்தில் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஆகிய இரண்டு விளையாட்டுகளுமே, ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் காட்டும் முறை) வசதியுள்ள கார்டு கட்டாயம் தேவை என்று அறிவித்தே வெளியானவை. அந்த வசதிக்கான வன்பொருள் இல்லாத ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் வைத்திருப்பவர் காட்சித் தரத்தை எவ்வளவு குறைத்தாலும் இவற்றை விளையாட இயலாது. அதைவிடப் பழைய ஜிடிஎக்ஸ் 1060 வைத்திருப்பவருக்கு, புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வெளியீடும் 2025 அக்டோபருடன் நின்றுவிட்டது. இத்தகையோர் இனியும் தள்ளிப்போடுவதில் பயனில்லை. 1080பி (முழு எச்டி) மானிட்டரும் ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி கார்டும் உள்ளவர் எந்த அவசரமும் இல்லாமல் இருக்கலாம். முந்தைய தலைமுறையின் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ வைத்திருப்பவர் இந்தக் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

புதிய தலைமுறைக்காகக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. 2018, 2020, 2022 எனச் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பிறகு 2025 ஜனவரியிலும் என்விடியாவின் புதிய வரிசைகள் வந்தன; ஒவ்வொரு முறையும் முதலில் வந்தவை விலையுயர்ந்த கார்டுகளே. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை 2022 அக்டோபரில் தொடங்கியபோதிலும், நடுத்தரக் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கக்கூடிய 4060 கார்டு 2023 ஜூனில்தான் கடைக்கு வந்தது. ஆகவே அடுத்த அறிவிப்பைக் கேட்டுவிட்டு வாங்குகிறேன் என்பவர், அறிவிப்புக்குப் பின்னரும் பல மாதங்கள் காத்திருக்க நேரிடும்.

விலை இறங்கும் என்ற நம்பிக்கையும் எப்போதும் பலிப்பதில்லை. தியாகராய நகர்த் துணிக்கடைகளுக்கு ஆடி மாதம் இருப்பதுபோல ரிச்சி தெருவுக்கு ஒரு தள்ளுபடிக் காலம் கிடையாது. அங்கு விலையை அசைப்பவை உலகச் சந்தையின் மாற்றங்களே. 2021-இல் எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தை உருவாக்கும் பணிக்காகக் கார்டுகள் மொத்தமாக வாங்கப்பட்டு விலை கண்மூடித்தனமாக ஏறியதையும், 2022 செப்டம்பர் 15 அன்று அந்த முறையே கைவிடப்பட்ட பின் பழைய கார்டுகள் சந்தையில் குவிந்ததையும் நாம் பார்த்தோம். 2025-இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் மெமரி சிப்புகளின் விலை ஏறத் தொடங்கியது. அதிக மெமரி கொண்ட கார்டைத்தான் இது முதலில் பாதிக்கும் என்பதால், தேவை உள்ளவர் பொறுத்திருந்து லாபம் பார்ப்பது கடினம்.

இந்தக் கார்டு 8 ஜிபி வகையிலும் வருகிறது. அமெரிக்காவில் அறிமுக விலை முறையே 379, 429 டாலர். வித்தியாசம் 50 டாலர்தான். (நம் ஊர் விலையை வெறும் டாலர் பெருக்கலில் கணிக்கக் கூடாது. டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டாலும் 429 டாலர் 18 சதவீத ஜிஎஸ்டியுடன் சுமார் 43,000 ரூபாய் ஆகிவிடும்.) அந்தக் கூடுதல் தொகையை மிச்சப்படுத்த வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 1440பி-யில் உயர்தர டெக்ஸ்சருடன் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) ரே டிரேசிங்கும் சேரும்போது, 8 ஜிபி நிரம்பி, மிஞ்சிய தரவு கணினியின் ரேமுக்குச் சென்று மீள வேண்டியிருக்கிறது. ஃபிரேம்கள் திடீரென விக்கி நிற்பது இதனால்தான். கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் இக்கார்டு 8 லேன்களை (தரவு செல்லும் பாதைகள்) மட்டுமே பயன்படுத்துவதால், வேகம் குறைந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டுகளில் அந்தத் தடுமாற்றம் இன்னும் மோசமாகும். சென்னையில் பலர் பழைய மதர்போர்டை மாற்றாமல் கார்டை மட்டும் மாற்றுபவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டு 16 லேன்களையும் பயன்படுத்துகிறது. அதன் 16 ஜிபி வகை 349 டாலருக்கு அறிமுகமானது. ரே டிரேசிங்கில் பெரிய நாட்டம் இல்லாதவர் அதையும் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை அச்சம் வேண்டாம். உச்ச அளவான 180 வாட்டில் நாளுக்கு மூன்று மணி நேரம் விளையாடினாலும், இரு மாத மின்கணக்கில் இந்தக் கார்டின் பங்கு சுமார் 32 யூனிட்தான். அக்னி நட்சத்திர நாட்களில் மூடிய அறைக்குள் அந்த வெப்பம் தெரியத்தான் செய்கிறது. கேபினெட்டின் தூசி வடிகட்டியைத் தவறாமல் துடைப்பது அவசியம்.

ரிச்சி தெருவில் ஒரே கார்டுக்குக் கடைக்குக் கடை விலை மாறுவதால், நான்கு இடங்களிலாவது ஜிஎஸ்டி பில்லுடன் என்ன விலை என்று கேளுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருவதாகச் சொன்னால் ஏற்க வேண்டாம்; வாரண்டியைக் கவனிப்பது பெரும்பாலும் அந்த பிராண்டின் இந்திய இறக்குமதியாளர் என்பதால், பில்லும் சீரியல் எண்ணும் இன்றி உங்கள் உரிமையை நிலைநாட்டுவது கடினம். பெட்டியிலும் கார்டிலும் பில்லிலும் உள்ள சீரியல் எண்கள் ஒன்றுதானா என்று கடையிலேயே சரிபார்த்துவிடுங்கள். 16 ஜிபி இருப்பில் இல்லை, 8 ஜிபியே போதும் என்று கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும், அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.