ரவிக்கைக்கும் க்வில்ட்டுக்கும் ஒரே மெஷின்: சிங்கர் 4423, மூன்று வருடம் தைத்த பிறகு

மெஷின் வாங்கக் கடைக்குப் போன அன்று ஒரு மஞ்சப்பையில் என் துணிகளை எடுத்துப் போயிருந்தேன். ஜார்ஜெட் ஒரு துண்டு, லைனிங்கும் கேன்வாஸும் வைத்த பட்டு ரவிக்கையின் கழுத்துப் பகுதி, திருப்பூர் பனியன் துணி ஒரு முழம், அப்புறம் சுங்குடிக்கும் காடாவுக்கும் நடுவில் பழைய வேட்டியை வைத்து மூன்றடுக்காக நூலோட்டிய ஒரு சதுரம். கடையில் டெமோவுக்கு வைத்திருந்தது கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, இரண்டே மடிப்பு. அதில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் தைக்கும். அதைப் பார்த்து ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், அதனால்தான் பை.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் வாங்கிய குட்டி மெஷின் அது, பெயர் வேண்டாம். படத்தில் பார்க்க அழகாக இருந்தது, வெள்ளைத் துணியில் தைத்துக் காட்டிய வீடியோவும் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ரவிக்கையின் பக்கவாட்டைச் சேர்க்கும்போது, கையும் உடம்பும் சந்திக்கிற அந்த அக்குள் இடத்தில் ஊசி நின்றுவிடும், மோட்டார் மட்டும் உறுமும், கைச்சக்கரத்தைத் திருப்பித் திருப்பித்தான் தாண்ட வேண்டும். மூன்றாவது மாதம் அடிநூல் கொத்துக்கொத்தாகச் சிக்க ஆரம்பித்தது. விற்றவர்களுக்குப் போன் செய்தால் உதிரிப்பாகம் வருவதில்லை என்றார்கள். சேர்த்து வைத்த காசு அப்படியே போனது, எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதற்கு முன்னால் தைத்ததெல்லாம் அம்மாவின் கறுப்புக் கால் மெஷினில். நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஆனால் அந்த நேர்த்தையல் மாதிரி ஒன்றை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. கரண்ட் வேண்டாம், ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்திப் போகலாம், எவ்வளவு தடித்த துணி கொடுத்தாலும் இறங்கிவிடும். முட்டி வலி வந்த பிறகு மோட்டார் பொருத்தினோம், அதுவும் நன்றாகவே ஓடியது. ஜிக்ஜாக் இல்லை, காஜா இல்லை, பனியன் துணி தைத்தால் இழுக்கும்போது நூல் அறும், இவைதான் குறை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு மெஷின் மூலையில் கிடந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். க்வில்ட்டுக்கு, அதாவது துண்டுத் துணிகளை இணைத்து அடுக்கடுக்காகத் தைக்கிற விரிப்புக்கு, துண்டுகளை இணைக்க அதைவிட நல்ல மெஷின் தேட வேண்டியதில்லை.

இங்கே மதுரையில் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே பல வருடம் தைத்துவிட்டுக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பெரியவர் ஒருவரிடம், எதை வாங்கலாம் என்று கேட்டேன். "நேர்த்தையல் ஒழுங்கா விழுதான்னு பாரும்மா, பூத்தையல் எல்லாம் அப்புறம்" என்றார். இன்றைக்கு யார் என்னிடம் கேட்டாலும் நான் சொல்வதும் அதுதான். 100 வகைத் தையல் போடும் என்று சில மெஷின்களின் பெட்டியில் எழுதியிருக்கும். நான் கணக்குப் பார்த்துவிட்டேன், இந்த மூன்று வருடத்தில் நேர்த்தையல், ஜிக்ஜாக், ஸ்ட்ரெட்ச் தையல் ஒன்று, காஜா, ஓரம் மடிக்கும் பிளைண்ட் ஹெம், இவ்வளவுதான் தொட்டிருக்கிறேன். ஐந்து.

ரவிக்கையும் க்வில்ட்டும் ஒரே மெஷினில் தைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. இரண்டு வேலையும் மெஷினிடம் கேட்பது வேறு வேறு. ரவிக்கையில் ஒரே மடிப்பு ஜார்ஜெட்டில் தொடங்கி, கழுத்துப் பைப்பிங் வருகிற இடத்தில் பட்டு, லைனிங், கேன்வாஸ், கயிறு என்று ஆறேழு அடுக்கில் போய் முடியும். எல்லாம் குட்டிக் குட்டி வளைவுகள். க்வில்ட்டில் தடிமன் கடைசிவரை ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் துணி பெரிது. சின்ன மெஷினின் கைக்கு அடியில் ஒரு கட்டில் விரிப்பு முழுவதும் புகுந்து வர வேண்டும்.

அளவு விஷயத்திலும் அப்படித்தான். ரவிக்கையில் நாம் பிறகு பிரித்து விடுவதற்காக உள்ளே துணி விட்டுத்தான் தைப்போம், ஒரு நூல் அங்கே இங்கே போனால் ஒன்றும் ஆகாது. க்வில்ட்டில் கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான். ஒரு வரிசையில் எட்டுச் சதுரம் இருந்தால் ஏழு இணைப்பு. ஒவ்வொரு இணைப்பிலும் 1 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போனால் இரண்டு பக்கமும் சேர்த்து 2 மில்லிமீட்டர், ஏழுக்கு 14. அரை அங்குலத்துக்கும் மேல். அடுத்த வரிசையோடு சேர்க்கும்போது மூலைகள் பொருந்தவே பொருந்தாது. முதல் க்வில்ட்டில் இது எப்படி நடந்தது என்றே புரியாமல் இரண்டு நாள் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். இப்போது ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், துணியின் ஓரம் அதைத் தொட்டபடி போனால் போதும்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். சிங்கர் ஹெவி டியூட்டி 4423. 23 வகைத் தையல், நிமிடத்துக்கு 1,100 தையல் வேகம், உள்ளே உலோகச் சட்டம், மேலே ஸ்டீல் தட்டு, அடிநூல் சுற்றும் பாபின் மேலிருந்தே போடுவது, காஜா ஒரே மூச்சில். கணினி எதுவும் இல்லை, எல்லாம் திருகுகிற டயல்தான். அது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் தெருவில் வோல்டேஜ் ஏறி இறங்கும், எலக்ட்ரானிக் போர்டு வைத்த மெஷின் என்றால் எனக்குத் தூக்கம் வராது.

கடையில் மஞ்சப்பைத் துணிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். கேன்வாஸ் வைத்த கழுத்தில் தயங்காமல் இறங்கியது. மூன்றடுக்குச் சதுரத்தில் மேலும் கீழும் ஒரே மாதிரித் தையல். ஆனால் நான் இதை எடுக்க முடிவு செய்தது வேறு இரண்டு விஷயத்துக்காக, இந்த இரண்டையும் நீங்கள் எந்த மெஷின் வாங்கினாலும் கேளுங்கள்.

ஒன்று, ஃபுட் துணியை அழுத்துகிற அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க டயல் இருக்கிறது. பல வீட்டு மெஷின்களில் இது கிடையாது. க்வில்ட் தைக்கும்போது அழுத்தம் அதிகமாக இருந்தால் ஊசித் தட்டில் துணியை நகர்த்துகிற பல் கீழ்த்துணியை இழுத்துக்கொண்டு போகும், மேல்துணியை ஃபுட் தள்ளிக்கொண்டே வரும், கடைசியில் ஓரத்தில் சுருக்கம் நிற்கும். பனியன் துணியும் அப்படித்தான், அழுத்தினால் அலை அலையாக நீண்டுவிடும். குறைத்து வைத்தால் இரண்டும் சரியாகும். மறுபடி ரவிக்கைக்கு வரும்போது கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பல்லைக் கீழே இறக்குகிற லீவர். க்வில்ட்டில் பூ, கொடி, வளைவு என்று இஷ்டப்படி கோடு போட வேண்டுமானால் பல் துணியை இழுக்கக் கூடாது, நம் கைதான் நகர்த்த வேண்டும். சில மெஷின்களில் பல்லை இறக்க முடியாது, மேலே ஒரு மூடித் தகடு மாட்டச் சொல்வார்கள். அதிலும் தைக்கலாம், ஆனால் இறக்குவதுதான் வசதி. இந்த வேலைக்கு டார்னிங் ஃபுட் தனியாக வாங்க வேண்டும். நேர்கோட்டில் க்வில்ட் செய்ய வாக்கிங் ஃபுட் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மேலேயும் பல் உண்டு, மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும். இதுவும் மெஷினோடு வராது. லோ ஷாங்க், அதாவது ஃபுட் மாட்டுகிற காம்பு குட்டையாக இருக்கும் மெஷினுக்கானது என்று கேட்டு வாங்குங்கள். நான் மெஷினுக்கு அடுத்து செய்த நல்ல செலவு அதுதான்.

இல்லாதவையும் இருக்கின்றன. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்லைடர் கிடையாது, எல்லாம் காலில்தான். 1,100 என்பது பெரிய வேகம், கால் மெஷினில் பழகிய எனக்கே முதல் வாரம் கழிவுத் துணியில் கோடு போட்டுப் பழக வேண்டியிருந்தது. ஊசியை மேலே கீழே நிறுத்தும் பட்டன் இல்லை, மூலையில் திரும்பும்போது கைச்சக்கரத்தைத் திருப்பி ஊசியை இறக்கிக்கொள்ள வேண்டும். முட்டியால் ஃபுட்டைத் தூக்கும் வசதியும் இல்லை. ரவிக்கைக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது, க்வில்ட்டுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விடத் தெரிவது இடம்தான். ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவில் ஆறு அங்குலத்தைச் சற்றே தாண்டும் இடம். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் இந்த அளவுதான். ஒற்றைக் கட்டில் விரிப்பு 60க்கு 90 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் தைக்கும்போது பாதித் துணியைச் சுருட்டி அந்த இடத்துக்குள் திணிக்க வேண்டும். நான் கண்டுகொண்ட வழி, விரிப்பை மூன்று பட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக க்வில்ட் செய்து கடைசியில் இணைப்பது. இன்னொன்று, இங்கே மதுரை வெயிலுக்கு நடுவில் பஞ்சு ஷீட் வைக்கவே தேவையில்லை. நைந்து மெத்தென்று ஆன நூல் சேலையோ வேட்டியோ ஒரு அடுக்கு போதும். சுருட்டினால் பாதி கனம், துவைத்தால் சீக்கிரம் காயும், போர்த்தினால் புழுங்காது. கர்நாடகத்தில் வாழும் சித்தி என்கிற ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் கவந்தியும் வங்காளத்துக் காந்தாவும் பழைய துணியை அடுக்கித் தைப்பவைதானே. அவர்கள் கையால் தைக்கிறார்கள்.

விரிப்பின் எடை மேஜைக்குக் கீழே தொங்கினால் ஊசியை இழுத்து வளைத்துவிடும், தட்டில் இடித்து உடையும். இடப்பக்கமும் பின்பக்கமும் மெஷின் தட்டின் உயரத்துக்குப் பெட்டியோ தடிமனான புத்தகங்களோ அடுக்கித் துணியைத் தாங்குங்கள். தச்சரைக் கூப்பிட்டு மேஜையில் மெஷின் அளவுக்குப் பள்ளம் வெட்டி உட்கார வைத்தால் இன்னும் நல்லது. எனக்கு அந்த மேஜை வந்த பிறகுதான் தோள்வலி போனது.

மெல்லிய துணிக்கு ஒரு வார்த்தை. ஜிக்ஜாக் போடும் எந்த மெஷினிலும் ஊசித் தட்டின் ஓட்டை அகலமாக இருக்கும். ஜார்ஜெட், ஷிஃபான் எல்லாம் தொடக்கத்திலேயே அந்த ஓட்டைக்குள் இழுபட்டுச் சிக்கும். 4423இல் ஊசியை இடப்பக்கம் நகர்த்தி வைக்க முடியும், அப்படி வைத்தால் ஒரு பக்கமாவது துணிக்குத் தாங்கல் கிடைக்கும். அப்படியும் சிக்கினால் அடியில் ஒரு பட்டைக் காகிதம் வைத்துத் தைத்து, பிறகு கிழித்துவிடுங்கள். ஊசி 11ஆம் நம்பர். காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கும் கனமான இணைப்புக்கும் 16, பனியன் துணிக்குக் கட்டாயம் முனை உருண்டையான பால் பாயிண்ட் ஊசி. தையல் விட்டுவிட்டு விழுந்தால் மெஷினைத் திட்டுவதற்கு முன் ஊசியை மாற்றிப் பாருங்கள், பாதி நேரம் அதுதான் காரணமாக இருக்கும். கடையில் சில நேரம் தொழிற்கூடத்துப் பவர் மெஷின் ஊசியைக் கொடுத்துவிடுவார்கள், அது உருண்டைக் காம்பு. நமக்கு வேண்டியது ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்.

வேறு எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு. வாடிக்கைக்கு ரவிக்கை தைத்துத் தினமும் ஆறேழு மணி நேரம் மெஷினில் உட்காருபவர் என்றால் வீட்டு மெஷினே வேண்டாம், ஜுக்கி மாதிரியான பவர் மெஷின் எடுங்கள். நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஆனால் ஓய்வில்லாமல் ஓடுவதற்கென்றே செய்தது, கைக்கு அடியில் இடமும் அதிகம். சர்வோ மோட்டார் கேளுங்கள், சத்தமும் கரண்டும் குறைவு. இப்போதுதான் பழகுகிறீர்கள், பிள்ளைகளுக்கு ஃப்ராக், சேலைக்கு ஃபால்ஸ், தலையணை உறை என்றால் உஷா ஜனோமின் ட்ரீம் ஸ்டிச் போதும். 7 தையல்தான், அதுவே நிறைய. தங்கைக்கு நான் சொன்னது அதைத்தான், இரண்டு வருடமாகச் சந்தோஷமாகத் தைக்கிறாள். இரண்டு வேலையும் சேர்ந்து வேண்டும், ஒரு மெஷினுக்குத்தான் காசும் இடமும் இருக்கிறது என்கிற என்னைப் போன்றவர்களுக்கு 4423.

எதை வாங்கினாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் சர்வீஸ் யார் செய்வார்கள், வீட்டுக்கு வருவார்களா, நாம் தூக்கிப் போக வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். என் மெஷின் ஆறரை கிலோ பக்கம் இருக்கும், ஆட்டோவில் வைத்துப் போகலாம். க்வில்ட் முடித்த ஒவ்வொரு முறையும் ஊசித் தட்டைக் கழற்றி பிரஷால் பஞ்சைத் தட்டிவிடுகிறேன், பழைய சேலையிலிருந்து அவ்வளவு தூசு உதிரும்.

பாபினும் ஒரு பாக்கெட் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்பு மெஷினின் ஸ்டீல் பாபினைப் போடாதீர்கள், இதற்கு மெஷினோடு வருகிற மாதிரிக் கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக் பாபின்தான். பெட்டியில் வருகிற சிலது, பத்து நிற ரவிக்கை தைப்பவருக்கு ஒரு வாரம்கூடக் காணாது.