அம்மாவுக்கு டிகோக்சின் அளவு பார்த்த மருந்தகம், பினாங்கு

அம்மாவுக்கு இதயம் பலவீனம், துடிப்பும் சீராக இருக்காது. இதயத்துக்கான டிகோக்சின் 125 மைக்ரோகிராம் மாத்திரையோடு, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். தீபாவளிக்குப் பிறகு சோற்றைப் பார்த்தாலே குமட்டல். விளக்கைச் சுற்றி மஞ்சளாகத் தெரிகிறது என்றதும் பயந்துவிட்டோம். டிகோக்சின் உடம்பில் மிஞ்சினால் வரக்கூடிய அறிகுறிகள் அவை.

முதலில் போன தனியார் கிளினிக்கில் மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்திலேயே இரத்தம் எடுத்தார்கள். எத்தனை மணிக்குப் போட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரத்தத்தில் டிகோக்சின் அளவு 2.6 (ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம்) என்று வந்தது. விழுங்கிய மருந்து இரத்தத்திலிருந்து தசைகளுக்குப் போய்ச் சேரக் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். அதற்கு முன் எடுத்தால் எண் ஏறித்தான் காட்டும்; அதை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

தீவில் இருக்கும் அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். அங்கே மருந்தாளராக இருந்த இளம்பெண் கேட்ட முதல் கேள்வியே, "அம்மா, கடைசியா மாத்திரை எப்போ போட்டீங்க?" அடுத்து, "நாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?" இருமலுக்கு லிட்டில் இந்தியாவில் வாங்கிய அதிமதுரக் கஷாயம் அப்போதுதான் வெளியே வந்தது. அதிமதுரம் இரத்தத்தில் உள்ள பொட்டாசியம் என்ற உப்பைக் குறைக்கும், நீர் மாத்திரையும் குறைக்கும். பொட்டாசியம் இறங்கினால் டிகோக்சின் அளவு கொஞ்சமாக இருந்தாலே இதயத்தைத் தாக்கும். இதை அம்மாவுக்குப் புரிகிற தமிழில், அவசரப்படாமல் சொன்னார்.

சரியான நேரத்தில் எடுத்த இரத்தத்தில் அளவு 1.4. இதயம் பலவீனமானவர்களுக்கு 0.5 முதல் 0.9 வரை போதுமாம். பொட்டாசியமும் 3.0க்கு இறங்கியிருந்தது. ஈசிஜி, சிறுநீரக இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்த டாக்டர் மாத்திரையை நிறுத்திவைத்து, பொட்டாசியம் கொடுத்து, அப்புறம் பாதி அளவில் ஆரம்பித்தார். மறுபடி பார்த்தபோது 0.7. அம்மா இப்போது தோசை கேட்டுச் சாப்பிடுகிறார்.

மாத்திரையை இரவுக்கு மாற்றச் சொன்னதும் மருந்தாளர்தான். காலையில் எப்போது இரத்தம் எடுத்தாலும் கணக்குச் சரியாக இருக்கும். இந்த யோசனைக்கே ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். நிபுணர் கிளினிக் கட்டணம் 5 வெள்ளிதான் (ரிங்கிட்).

காத்திருப்பு நீளம், வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இரத்தம் எடுக்கும் நேரத்துக்கான விதியை அப்பாயின்மென்ட் அட்டையில், மலாயோடு தமிழிலும் சீனத்திலும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். தனியாக வரும் வயதானவர்கள் நிறைய பேரை அங்கே பார்த்தேன்.